சூரியனும் நிலாவும் வரைந்த பொட்டலம்

விழுப்புரம்
18.12.2024

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்கு செல்வி எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? புயல் தண்ணீர் நம் தெருவை விட்டு வடிந்துவிட்டது என்று தேவநாதன் அண்ணன் சொன்னார். அவர் கையில்தான் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கண்டக்டர் வேலையோடு தபால்காரர் வேலையும் பார்க்கவேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொண்டார். திண்டிவனத்தில் இறங்கியதும் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிடு.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். இந்த விளையாட்டு விடுதியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் போனைக் கையில் தருவார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரத்தையும் இருமியே கழிக்க எனக்கு இஷ்டமில்லை. நாலு வார்த்தை பேசினால் இருமல், இருமினால் மூச்சு இழுக்கிறது. நீ ஸ்பீக்கரில் போடுவாய், அம்மா கேட்கும், அப்புறம் அது சோறு தின்னாது. கடிதத்தில் இருமல் கேட்காது பார், அதனால்தான்.

நடந்தது இதுதான். மழை விட்டதும் விடுதியில் எல்லாருக்கும் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து இன்ஃப்ளூயன்சா என்றார்கள். மற்றவர்கள் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கும் காய்ச்சல் விட்டது. விட்ட உடனே நான் ஷூவை மாட்டிக்கொண்டு டிராக்கில் இறங்கிவிட்டேன். கோச் துரைக்கண்ணு சார் வேண்டாம் என்றுதான் சொன்னார். "ஒடம்பு இன்னும் ஆறலமா, படுத்துக்கினு இரு" என்றார். போன தேசியப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் நாலாவது வந்தவளுக்குப் படுத்திருக்கத் தெரியுமா? ஓடினேன். இரண்டாவது சுற்றில் தொண்டைக்குழியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருந்தது. அன்றைக்குப் போன மூச்சு இன்னும் திரும்பவில்லை.

மூச்சு சமாச்சாரத்தை மட்டும் அம்மாவுக்குப் படிக்காமல் தாண்டிவிடு. சாப்பாட்டை எழுதியிருக்கிறேன் என்று சொல். முட்டை, பால், சுண்டல் எல்லாம் தருகிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள் அண்ணா.

உன் தங்கை
ஆரோக்கியசெல்வி


திண்டிவனம்
23.12.2024

மரியே வாழ்க.

பெயரிலேயே ஆரோக்கியத்தை வைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருக்கும் என் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ சுகம் என்று நீயே எழுதும் வரை உன்னை விடப்போவதில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். நீ சொன்ன இடத்தைத் தாண்டினேன். ஆனால் நான் திணறியதை அது பார்த்துவிட்டது. "இன்னாடா முழுங்கிக்கினு படிக்கிற? புள்ளைக்கு இன்னா?" என்று காகிதத்தைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. எழுத்துத் தெரியாதது அன்றைக்கு எனக்கு நல்லதாகப் போயிற்று.

கடையில் ஈ மொய்ப்பது போலக் கூட்டம். புயலுக்கு அப்புறம் திண்டிவனம் முழுக்கச் சளியும் காய்ச்சலும்தான். நம் மெடிக்கலுக்கு வருகிறவர்கள் யாரும் மாத்திரையின் பெயர் கேட்பதில்லை என்று உனக்குத் தெரியுமே. "தம்பி, ஒரு சளி செட் குடுப்பா", "மூட்டு செட் ரெண்டு நாளைக்குக் கட்டு", அவ்வளவுதான். கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி, நாலு கலரில் நாலு மாத்திரை எடுத்துப் போட்டு, பொட்டலத்தின் மேல் காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு நிலா வரைந்து கொடுத்துவிடுவேன். படிக்காத சனங்களுக்கும் புரியும். இந்த ஒரு வாரத்தில் நான் வரைந்த சூரியனை வைத்து ஊருக்கே நெல் காயவைக்கலாம். முதலாளி நடராசன் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "ஒன்னைத்தான்டா டாக்டர் தம்பின்னு கேட்டுக்கினு வர்றாங்க" என்று கிண்டல் செய்கிறார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

நீ முதலில் நெஞ்சு டாக்டரைப் பார். இருமல் மருந்தும் பனங்கற்கண்டும் அனுப்பியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்று சார் சொல்லிவிட்டாராமே. அம்மா உன் பங்கு அதிரசத்தை டப்பாவில் போட்டு ஆணியில் மாட்டிவைத்திருக்கிறது. நான் தொடவில்லை. ஒன்றுதான் தொட்டேன்.

சீக்கிரம் தேறிவிட்டேன் என்று எழுது.

உன் அண்ணன்
இருதயராஜ்


விழுப்புரம்
10.01.2025

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்கு. உன் சுகமும் அம்மா சுகமும் அறிய ஆசை. புது வருடப் பூசைக்கு அம்மா கட்டிக்கொண்ட சேலை நான் வாங்கிக் கொடுத்ததுதானா?

நெஞ்சு டாக்டரைப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒரு குழாயில் பலம் கொண்ட மட்டும் ஊதச் சொன்னார்கள். டாக்டரம்மா நல்லவர், பொறுமையாகச் சொன்னார். நுரையீரலில் ஒன்றும் இல்லையாம். வைரஸ் மூச்சுக்குழாயின் உள்பக்கத்தைப் புண்ணாக்கிவிட்டுப் போயிருக்கிறதாம். அது ஆறும் முன்னே நான் ஓடிப் புண்ணைக் கிளறிவிட்டேனாம். "வேற யாருக்காச்சும்னா இது தெரியவே தெரியாதும்மா. நீ அண்டா அண்டாவா காத்த இழுக்கிறவ. அதான் ஒனக்கு அடைக்குது" என்றார். வாயில் வைத்து இழுக்கிற மருந்து கொடுத்திருக்கிறார். அதைத் தினமும் இழுத்து, முதலில் நடந்து, அப்புறம் மெதுவாக ஓடி, மூன்று மாதம் பொறுக்கவேண்டும். தானாகவே சரியாகிவிடும், அவசரப்பட்டால் இழுத்துக்கொண்டே போகும் என்றார்.

மூன்று மாதம் என்று அவர் வாயால் சொல்லிவிட்டார். ஏப்ரல் கடைசியில் தேசியப் போட்டி அண்ணா. அதில் முதல் இரண்டு பேரைத்தான் இந்திய முகாமுக்கு எடுக்கிறார்கள். போன வருடம் என்னை முந்திய மூன்று பேரில் இரண்டு பேர் இந்த வருடம் ஓடவில்லை. இப்படி ஒரு வாசல் மறுபடி திறக்காது. எனக்குப் பின்னால் கலைமதி வந்துகொண்டிருக்கிறாள், பத்தொன்பது வயது, மான் போல ஓடுகிறாள். என் அறைத்தோழிதான், நல்ல பெண்தான். ஆனாலும் அவள் ஓடி முடித்துவிட்டு மூச்சு வாங்காமல் சிரிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. பொய் சொல்லமாட்டேன்.

சார் என்னை நடக்கவிட்டிருக்கிறார். காலையில் சர்க்கரை வியாதிக்காரர்கள் கையை வீசிக்கொண்டு என்னை முந்திப் போகிறார்கள். ஒரு பெரியம்மா நின்று, "இன்னா பாப்பா, ஒனக்கும் சுகரா?" என்று கேட்டது. கண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பும் வந்தது.

இழுக்கும் மருந்தின் பெயரைச் சார் எழுதி வாங்கிக்கொண்டார். "எந்த மாத்திரயா இருந்தாலும் என்னாண்ட காட்டிட்டுத்தான் வாயில போடணும். தலவலி மாத்திரயா இருந்தாலும் சரி" என்று எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். போட்டியில் சிறுநீர் எடுத்துச் சோதிப்பார்கள் அல்லவா, அதற்காக.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். நீ அதிரசத்தை எத்தனை தொட்டாய் என்பதையும் எழுது.

தங்கை
செல்வி


திண்டிவனம்
21.01.2025

மரியே வாழ்க.

அன்புத் தங்கைக்கு. பொங்கல் கரும்பு அனுப்பினேனே, வந்ததா? எங்கள் இரண்டு பேருக்கும் உடம்பில் ஒன்றும் குறைவில்லை. மனசுதான் சரியில்லை.

இந்தத் தடவை என் சாமர்த்தியம் பலிக்கவில்லை. "வாயில் வைத்து இழுக்கிற மருந்து" என்ற இடத்தில் வாய் தவறிவிட்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டது. "இழுப்பா? எம்புள்ளைக்கு இழுப்பா? நாலு பேருக்குத் தெரிஞ்சா எவன்டா கட்டிக்கினு போவான்?" என்று ஒரே அழுகை. நீ இந்தியாவுக்கு ஓடப்போகிறாய் என்று நான் சொன்னதெல்லாம் அதன் காதில் ஏறவில்லை.

செல்வி, டாக்டரம்மா சொன்னது புத்தகத்துப்படி சரியாக இருக்கலாம். ஆனால் பத்து வருடமாக நான் இந்தக் கவுன்டரில் நிற்கிறேன். இழுப்போடு வருகிறவர்களுக்கு நான் தனியாக ஒரு செட் கட்டுவேன். கரும்பு லாரி ஓட்டும் ஒருவர், கடைப் படி ஏற முடியாமல் ரோட்டிலேயே உட்கார்ந்து கேட்டார். மூன்றாம் நாள் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்து, "நீதான்டா எங்கொலசாமி" என்றார். அந்தச் செட்டைத்தான் உனக்குக் கட்டியிருக்கிறேன், பத்து நாளைக்கு. அதில் சின்னதாக வெள்ளையாக இருப்பதுதான் சூரன். அதை மட்டும் வெறும் வயிற்றில் போடாதே.

துரைக்கண்ணு சார் கேட்டால் சளி மாத்திரை என்று சொல். அதுதானே உண்மை. மூன்று மாதம் உட்கார்ந்திருக்க நீ என்ன ஓய்வு பெற்ற தாசில்தாரா? பொட்டலத்தில் சூரியன், நிலாவோடு இரட்டைச் சடை போட்டு ஓடுகிற ஒரு பெண்ணையும் வரைந்திருக்கிறேன். மூக்கு கொஞ்சம் கோணலாக வந்துவிட்டது, மன்னித்துக்கொள்.

மூச்சு வந்ததும் முதல் வேலையாக எழுது.

அண்ணன்
இருதயராஜ்


விழுப்புரம்
12.02.2025

மரியே வாழ்க!

என் டாக்டர் அண்ணனுக்கு. அம்மா சுகமா, நீ சுகமா, நான் சுகம், சுகம், சுகம்! இந்த வார்த்தையை எழுதி எத்தனை நாளாயிற்று.

வந்துவிட்டது அண்ணா. நான்காவது நாள் காலையில் எழுந்து இழுத்துப் பார்த்தேன், காற்று அடிவயிறு வரைக்கும் போயிற்று. சந்தேகமாக இருந்தது. ஒரு சுற்று ஓடினேன், இரண்டாவது ஓடினேன், மூன்றாவதில் கலைமதியைத் தாண்டினேன். சார் கையிலிருந்த வாட்ச்சைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாமா இது, எதிர்பார்க்கவே இல்ல" என்றார். பசியும் அப்படி வருகிறது. என் தட்டு போதாமல் கலைமதி தட்டிலும் கைவைக்கிறேன். முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. அவள், "அக்கா, கல்யாணக் களை வந்துடுச்சு" என்று கேலி செய்கிறாள்.

நடுவில் ஒரு பயம். பத்து நாள் மாத்திரை முடிந்ததும் மறுபடி அந்தக் கட்டைவிரல் வந்து உட்கார்ந்துவிட்டது. நீ அடுத்த பொட்டலம் அனுப்பியதும் போய்விட்டது. அதனால் போட்டி வரைக்கும் போதுமான அளவுக்கு மொத்தமாகக் கட்டி அனுப்பு. இழுக்கிற மருந்தை நிறுத்திவிட்டேன், அது எதற்கு இனிமேல்?

சாரிடம் காட்டவில்லை. பொட்டலத்தைப் பிரித்தால் பெயரில்லாத நாலு மாத்திரை, எதைக் காட்ட? அதோடு நீ கட்டிக் கொடுத்ததைக் கொண்டுபோய் இன்னொருவரிடம் சரிபார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படி. சத்தமாகப் படி.

தங்கை
செல்வி


திண்டிவனம்
02.03.2025

மரியே வாழ்க.

வருங்கால இந்திய வீராங்கனைக்கு அவளுடைய அண்ணன் எழுதிக்கொள்வது. அம்மா முட்டிவலி கூட மறந்துவிட்டு நடக்கிறது. எனக்கும் உடம்பு ஒரு சுற்று பெருத்துவிட்டது போல இருக்கிறது, சந்தோஷத்தில்தான்.

நீ கேட்டபடி ஏப்ரல் கடைசி வரைக்கும் கட்டியிருக்கிறேன். கடை சாத்திய பிறகு தனியாக உட்கார்ந்து வெட்டினேன். அந்த வெள்ளை மாத்திரையைப் பத்து நாளுக்கு மேல் யாருக்கும் கொடுக்காதே என்பார் முதலாளி. "ஸ்டீராய்டுடா அது. மொகம் உப்பும், எலும்பு கரையும்" என்று என்னைத் திட்டியிருக்கிறார். அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. வீரியமான மாத்திரைதான், ஆனால் நீயும் என்ன சாதாரண ஆளா? போட்டி முடிந்ததும் நிறுத்திவிடலாம்.

அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறது. நீ தேர்வானால் வெள்ளியில் நுரையீரல் செய்து வைக்கவேண்டுமாம். கோயில் வாசலில் தகடு விற்கிறவனிடம் போய்க் கேட்டால், கை இருக்கிறது, கால் இருக்கிறது, கண் இருக்கிறது, நுரையீரல் இல்லை. "அதெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்கம்மா" என்றானாம். கடைசியில் இருதயத் தகடு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. மாதா புரிந்துகொள்வாள் என்கிறது.

உன் புகைப்படத்தைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். நீ வேளா வேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, நன்றாகத் தூங்கு.

அண்ணன்
இருதயராஜ்


விழுப்புரம்
28.04.2025

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்கு. அம்மாவுக்கும் உனக்கும் என் முத்தங்கள். செய்தி உனக்கு முன்னாடியே தெரிந்திருக்கும், பேப்பரில் போட்டிருந்தார்களே. ஆனாலும் என் கையால் எழுதவேண்டும். இரண்டாவது வந்தேன். முகாமுக்கு எடுத்துக்கொண்டார்கள். கடைசி வளைவில் மூன்று பேர் என்னோடு இருந்தார்கள். அவர்கள் இழுக்கிற மூச்சு எனக்குக் கேட்டது. என்னுடையது எனக்குக் கேட்கவே இல்லை. அப்படி ஒரு ஓட்டம் நான் ஓடியதில்லை அண்ணா. சார் அழுதார். கலைமதி என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

ஓடி முடித்த உடனே ஒரு அதிகாரி அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சிறுநீர் எடுத்தார். அது எல்லாப் போட்டியிலும் நடப்பதுதான். என்னென்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்டபோது சளி மாத்திரை என்றேன். பெயர் என்ன என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வை அன்றிலிருந்து மனதில் கிடந்து உறுத்துகிறது. ஸ்டீராய்டு என்று நீ எழுதியதை அன்றைக்குப் படித்தபோது நான் நின்று யோசிக்கவில்லை. மூச்சு வந்துவிட்ட மயக்கத்தில் இருந்தேன்.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையின் முழுப் பெயர் என்ன? அட்டையைப் பார்த்து எழுதி அனுப்பு. சாரிடம் இப்போதாவது காட்டிவிடுகிறேன். மறக்காதே, தேவநாதன் அண்ணன் கையிலேயே கொடுத்துவிடு.

இருதயத் தகட்டை வைத்துவிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். நான் வந்ததும் சேர்ந்து வைக்கலாம்.

தங்கை
செல்வி


திண்டிவனம்
30.05.2025

மரியே வாழ்க.

அன்புத் தங்கைக்கு. நலம். அம்மாவும் நலம். கடிதம் எழுத ஒரு மாதம் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம். நீ நடுவில் அனுப்பிய இரண்டு சீட்டும் வந்தது.

இங்கே வெயில் கொளுத்துகிறது. நுங்கு நல்ல இளசாக வந்திருக்கிறது, தேவநாதன் அண்ணனிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். கலைமதிக்கும் கொடு. அம்மா தகட்டை வைத்துவிட்டது, சொல்லியும் கேட்கவில்லை.

முகாமுக்கு எப்போது கிளம்புகிறாய்? உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்
இருதயராஜ்


விழுப்புரம்
14.06.2025

மரியே வாழ்க.

அண்ணனுக்கு. அம்மா சுகம்தானே. உன்னைப் பற்றி நான் கேட்கவில்லை, தேவநாதன் அண்ணனே சொன்னார். கடையில் உன் முகம் பேயறைந்தது போல இருக்கிறதாம். அப்படியானால் நீ முன்னமே யூகித்துவிட்டாய்.

நுங்கு தின்றோம். நான் கேட்டது மாத்திரையின் பெயர்.

பெயர் எனக்கு வேறு வழியில் தெரிந்துவிட்டது. டில்லியிலிருந்து வந்த சோதனைக் காகிதத்தில் இருக்கிறது. போட்டி நாளில் அந்த ஸ்டீராய்டு மாத்திரை உடம்பில் இருக்கக்கூடாதாம். என்னை நிறுத்திவைத்துவிட்டார்கள். முகாமில் என் இடத்துக்கு மூன்றாவது வந்தவள் போய்விட்டாள். சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "என்னாண்ட ஒருவாட்டி காட்டியிருந்தா போதுமேமா" என்று மட்டும் சொல்லிவிட்டு மைதானத்தின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அது என் தப்புதான். அதை நான் உன் தலையில் கட்டவில்லை.

இரண்டு வருடம் தடை வரும் என்கிறார்கள். மாத்திரை எப்படி என்னிடம் வந்தது என்று ஆதாரத்தோடு காட்டினால் சில மாதங்களோடு விட்டுவிட வாய்ப்பிருக்கிறது என்று சார் விசாரித்துச் சொன்னார். அதற்கு நீ வேண்டும். சளி மாத்திரை என்று நினைத்துத்தான் இவள் வாங்கிச் சாப்பிட்டாள், கொடுத்தது நான், இந்தக் கடையில் இந்த அட்டையிலிருந்து வெட்டிக் கொடுத்தேன் என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டு, அட்டையோடு நேரில் வரவேண்டும். ஜூலை பத்தாம் தேதிக்குள். அப்படி எழுதினால் உன் வேலை போகும், மருந்து இன்ஸ்பெக்டர் வருவார், முதலாளிக்கும் பேஜாரு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்கிறேன். எனக்குக் கேட்க வேறு யாரும் இல்லை.

போட்டியில் கூடாது என்பது உனக்குத் தெரிந்திருக்காது. அதை நம்புகிறேன். ஆனால் ஏப்ரலிலேயே பெயரைக் கேட்டேனே அண்ணா, அப்போது ஏன் வாயை மூடிக்கொண்டாய்?

மூச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தியதும் எல்லாம் போய்விட்டது. முன்னைவிட மோசம். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை புண்ணை ஆற்றவில்லையாம், வலி தெரியாமல் மறைத்துவைத்திருந்ததாம். அதன் மேல் நான் மூன்று மாதம் வெறிபிடித்து ஓடியிருக்கிறேன். அந்த மூன்று மாதம் சும்மா நடந்திருந்தால் ஏப்ரலில் தானாகவே வந்திருக்கும் என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மாவுக்கு இதில் ஒரு வரியும் படிக்காதே. பத்தாம் தேதி பஸ் நிலையத்தில் காத்திருப்பேன்.

செல்வி


திண்டிவனம்
12.07.2025

மரியே வாழ்க.

அன்புத் தங்கைக்கு. இங்கு சுகம். உன் சுகத்துக்கு மாதாவை வேண்டிக்கொண்டிருக்கிறோம்.

அன்றைக்குக் கடையில் ஆள் இல்லை. வர முடியவில்லை. அம்மாவுக்கும் முட்டி வீங்கியிருந்தது. நாலு குடும்பம் இந்தக் கடையை நம்பி இருக்கிறது, உனக்கே தெரியும்.

எல்லாம் நல்லபடியாக முடியும். சாப்பிடாமல் இருக்காதே.

அண்ணன்


விக்கிரவாண்டி
21.09.2025

மரியே வாழ்க.

அண்ணனுக்கு. அம்மாவின் முட்டி வீக்கம் வடிந்ததா? மழைக்காலம் வருகிறது, ஈரத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக் கடலை எடுக்க விடாதே.

இரண்டு வருடம் போட்டுவிட்டார்கள். எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். விழுப்புரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை, எந்தக் கடை என்று ஞாபகமில்லை என்றேன். அவர்கள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். உன் கடிதங்களைக் காட்டியிருந்தால் நம்பியிருப்பார்கள். ஒவ்வொன்றும் என் பெட்டியில்தான் இருக்கிறது, சூரியன் போட்ட பொட்டலம் கூட ஒன்று இருக்கிறது. எடுத்தேன். கோணல் மூக்கோடு ஓடுகிற அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மறுபடி வைத்துவிட்டேன். உன்மேல் உள்ள பாசத்தால் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பாதி பாசம், பாதி ஆத்திரம். நீ வராத இடத்துக்கு உன் பெயர் மட்டும் எதற்கு வரவேண்டும் என்று தோன்றியது.

தடை விழுந்தவள் விடுதியில் தங்கக்கூடாது. டோல்கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் பில் போடுகிறேன். தங்க இடம் கொடுத்திருக்கிறார்கள். தேவநாதன் அண்ணனின் பஸ் தினமும் இங்கே டீக்கு நிற்கிறது. நான் பெங்களூரில் முகாமில் இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறாயாம். அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறதாம். அவர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டை எண்ணினார். திண்டிவனம் இங்கிருந்து அரை மணி நேரம். என்னால் வர முடியாதபடி செய்துவிட்டாய்.

ஓட்டலில் மாடி இருக்கிறது. மேலே சாப்பிடுகிறவர்களுக்கு நானே போய் பில் கொடுக்கவேண்டும். மேல் படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். ஒரு லாரி டிரைவர், "இன்னாம்மா, இந்த வயசுலயே இப்டி எளைக்குது? ஒரு செட் வாங்கிப் போடக்கூடாதா?" என்றார். இரண்டு வருடம் கழித்துத் தடை போய்விடும் அண்ணா. மூச்சு வருமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். வரலாம் என்றார். முன்னெல்லாம் வரும் என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். இப்போது என் போன் என் கையிலேயே இருக்கிறது, அது ஒன்றுதான் லாபம். எடுத்தேன். அப்போதுதான் படி ஏறி இறங்கியிருந்தேன். நீ பேசவில்லை. நானும் பேசவில்லை, பேச மூச்சில்லை. இத்தனை மாதமாக உன் காதில் விழக்கூடாது என்று ஒளித்து ஒளித்துக் கடிதமாக எழுதினேனே, அந்தச் சத்தத்தை நீ முழுதாகக் கேட்டாய். நீ அழுதாய் என்று நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சியது கேட்டது. அண்ணா என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

அப்போது உன் பக்கத்தில் ஒரு ஆள் குரல். "தம்பி, கொழந்தைக்கு இழுக்குது, ஒரு செட் கட்டுப்பா. ஜல்தியா குடு, பஸ்ஸு வந்துடும்." நீ போனைக் கீழே வைக்கவில்லை, தோளில் இடுக்கிக்கொண்டாய் போல. டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் கத்தரிக்கோல் அட்டையை வெட்டும் சத்தம் கேட்டது.

நான் போனை வைத்துவிட்டேன்.

அம்மா கேட்டால் எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்.

ஆரோக்கியசெல்வி